மறையூர் இறக்கத்தில் ஒரு சைக்கிள்

மூணாற்றுக்கும் உடுமலைப்பேட்டைக்கும் நடுவே ஏறத்தாழ சரிபாதி தூரத்தில் இருக்கிறது மறையூர். மூணாறு சுமார் 1,500 மீட்டர் உயரம். மறையூர் சுமார் 1,000 மீட்டர். இங்கிருந்து சின்னார் சோதனைச் சாவடிக்கு இறங்கினால் இன்னும் 500 மீட்டர் அளவுக்குக் குறையும். சந்தனக் காட்டுக்கும் கரும்புக்கும் பேர்போன ஊர். இவ்வூர் வெல்லத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோவை, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கமிருந்து சைக்கிளில் மலையேறி வருகிறவர்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால், பேச்சு மலையில் தொடங்கும். டீ பாதி குறைவதற்குள் ரிப்பேருக்கு வந்துவிடும். “செயின் ஸ்லிப் ஆகுதுங்ணா.” “பின்வீல் லேசா ஆடுதுங்க.” “போன தடவை ஒட்டின பஞ்சர் இந்த இறக்கத்துலதாங்க பிச்சுக்கிச்சு.”

சாதாரணப் புகார்கள்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் நூறு, நூற்றைம்பது வருஷத்துப் பொறியியல் இருக்கிறது. அதில் பெரும்பகுதியை இரண்டு ஸ்பேனரும் ஒரு துண்டு உப்புத்தாளும் இருந்தால் நம் வீட்டு வாசலிலேயே திறந்து பார்த்துவிடலாம். இன்றைய கைப்பேசியிலோ காரின் மின்னணுப் பெட்டியிலோ அப்படி முடியாது. சைக்கிள் எதையும் மூடி வைக்கவில்லை.

பஞ்சரிலிருந்து ஆரம்பிப்போம். இந்தச் சாலையில் பஞ்சருக்கு ஒரு பூகோளமே உண்டு. மூணாற்று மலைகளில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தையெல்லாம் அந்தச் சரிவிலேயே இறக்கிவிட்டு, வறண்டுபோய் இந்தப் பக்கம் இறங்குகிறது. அதனால் சின்னாரில் பெய்வது ஏறத்தாழ 500 மில்லிமீட்டர்தான். அறுபது கிலோமீட்டருக்குள் ஆறில் ஒரு பங்காகிவிடுகிறது மழை. தண்ணீர் குறைந்த இடத்தில் செடி இலையைச் சுருக்கி முள்ளை வளர்க்கும். தேயிலைக்குப் பதில் முள்காடு வருகிறது. தென்மேற்குப் பருவமழை எட்டாத பக்கம்தான் டயருக்கு ஆபத்தான பக்கம்.

அந்த முள் குத்துவது எதை? சைக்கிளும் ஆளுமாகச் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். டயரில் 60 பிஎஸ்ஐ காற்று இருந்தால், அது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 4.2 கிலோ எடையைத் தாங்கும். கணக்குப் போட்டால், இரண்டு சக்கரமும் சேர்ந்து தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 21 சதுர சென்டிமீட்டர்தான். உங்கள் மொத்த எடையும் அவ்வளவு சிறிய காற்றுத் தலையணைமேல் போகிறது. 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகச் செய்து பார்த்த யோசனை இது. அவருக்கு நாற்பது வருஷம் முன்பே, 1845இல், ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். அப்போது அதை மாட்ட சைக்கிள் இல்லை; உலகம் மறந்துவிட்டது.

அந்தக் காற்றை உள்ளே நிறுத்தி வைப்பது எது என்று பார்த்தால் இன்னும் வியப்பு. நம் பழைய சைக்கிள்களின் வால்வில் ஸ்பிரிங் கிடையாது. பக்கவாட்டில் ஓட்டை போட்ட ஒரு சிறிய உலோகத் தண்டு, அதன்மேல் இறுக்கமாகப் போர்த்திய மெல்லிய ரப்பர் குழாய். அவ்வளவுதான். நாம் வால்டியூப் என்று சொல்கிற அந்தத் துண்டுதான் காவல்காரன். பம்ப் அடிக்கும்போது காற்று அதை ஓட்டையிலிருந்து விலக்கிக்கொண்டு உள்ளே நுழைகிறது. பம்ப் நின்றதும், உள்ளே போன அதே காற்று ரப்பரைச் சுற்றிலும் அமுக்கி ஓட்டையை அடைக்கிறது. டியூபில் காற்று எவ்வளவு அதிகமோ, கதவும் அவ்வளவு இறுக்கம்.

இப்போது பஞ்சர் ஒட்டுவது. பலரும் சொல்யூஷனைப் பசை என்றே நினைக்கிறார்கள். தரமான பஞ்சர் கிட்டில் வருவது பசை இல்லை. அது ஒரு வேதிவினையின் ஒரு பாதி. இன்னொரு பாதி பேட்சின் அடிப்பக்கத்தில் இருக்கிறது.

ரப்பர் என்பது நீண்ட நீண்ட மூலக்கூறு இழைகளின் சிக்கல். மரத்திலிருந்து எடுத்த பச்சை ரப்பரில் அந்த இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். 1839இல் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர், ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது இளகாத, இழுத்தால் திரும்பிவரும் பொருளாவதைக் கண்டார். கந்தக அணுக்கள் இழைக்கும் இழைக்கும் நடுவே பாலம் போடுகின்றன. நம் ஊர் டயர் கடைப் பலகைகளில் வல்கனைசிங் என்று எழுதியிருப்பது இதைத்தான்: ரப்பர் இழைகளைக் கந்தகத்தால் ஒன்றோடொன்று பிணைக்கும் வேலை. கார், லாரி டியூபுக்கு அந்தக் கடைக்காரர் பச்சை ரப்பரை வைத்து, சூடேற்றும் தகட்டுக்கு நடுவே திருகி இறுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். சூடு ஆறி எடுத்தபின் ஒட்டு எது, டியூப் எது என்று பிரிக்க முடியாது. இரண்டும் ஒரே பொருளாகிவிட்டன.

வீட்டு கிட்டில் சூடு இல்லை. சூட்டுக்குப் பதிலாக வினையை வேகப்படுத்தும் மருந்து சொல்யூஷனில் கரைந்திருக்கிறது. பேட்சின் அடியில் பிணைப்புக்காகக் காத்திருக்கும் ரப்பர் படலம் இருக்கிறது. இரண்டும் தொட்டால் அறை வெப்பத்திலேயே பாலம் போடத் தொடங்கிவிடும். இதைப் புரிந்துகொண்டால், பஞ்சர்க்காரர் செய்யும் ஒவ்வொரு காரியத்துக்கும் காரணம் தெரிந்துவிடும். உப்புத்தாளால் தேய்ப்பது, தொழிற்சாலையில் டியூபின்மேல் படிந்த வழவழப்பை எடுத்துப் புது ரப்பரை வெளியே கொண்டுவர. சொல்யூஷனைத் தடவிவிட்டு நாலைந்து நிமிஷம் சும்மா விடுவது, கரைப்பான் முழுக்க ஆவியாகிப் போக. ஈரம் காயுமுன் பேட்சை வைத்தால் ஆவி நடுவில் மாட்டிக்கொண்டு, ஒட்டு முழுதாகப் பிடிக்காது. பெரும்பாலான வீட்டு பஞ்சர் வேலைகள் கெட்டுப்போவது இந்த நாலு நிமிஷப் பொறுமை இல்லாமல்தான்.

அப்படி அரைகுறையாக ஒட்டியது மறையூரில் தாங்கும். சின்னாருக்கு இறங்கும்போது பிய்த்துக்கொள்ளும். ஏன்? பிரேக் போட்டால் சூடு. 90 கிலோ எடை 500 மீட்டர் கீழே வரும்போது விடுபடும் ஆற்றல் 4,41,000 ஜூல். ஒன்றேகால் லிட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். பத்துப் பேருக்கு டீ போடலாம். அதில் ஒரு பகுதியைக் காற்று எதிர்த்து வாங்கிக்கொள்கிறது. கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு பிரேக் பிடித்தே இறங்கினால் மிச்சமெல்லாம் பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும்தான். ரிம் சூடாகிறது, டியூபுக்குள் காற்று விரிகிறது, வெறும் பசையாக மட்டும் பிடித்திருந்த பேட்ச் இளகுகிறது. இழைக்கு இழை பாலம் போட்ட பேட்சுக்கு இந்தச் சூடு பொருட்டில்லை.

இதே கணக்கை ஒரு காருக்குப் போடுங்கள். ஆட்களோடு 1,500 கிலோ. அதே இறக்கத்தில் அது விடும் ஆற்றல் 21 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். காரில் காலால் அமுக்கும் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது பிரேக் ஆயில். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது என்பதால்தான் பிரேக் பிடிக்கிறது. ஆனால் இந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். டாட் 3 என்று டப்பாவில் எழுதியிருக்கும் வகை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது என்பது அதன் தரவிதி. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடலாம். நீண்ட இறக்கத்தில் அதைத் தாண்டினால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும். ஆவியை அமுக்கிச் சுருக்கலாமே! பெடல் தரை வரை போகும், பிரேக் பிடிக்காது. மலைப்பாதை டிரைவர்கள் சொல்லும் “ஏறின கியர்லயே இறங்கு” என்ற விதிக்குக் காரணம் இதுதான். சிறிய கியரில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டால் எஞ்சின் வண்டியைப் பிடித்து இழுக்கும். அந்த ஆற்றல் ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெளியே போய்விடும். பிரேக் குளிர்ந்தபடி இருக்கும். பிரேக் ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வதற்கும் காரணம் அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஈரம்.

சைக்கிளுக்குத் திரும்புவோம். எனக்குச் சைக்கிளில் ஆகப் பெரிய அதிசயம் எது என்று கேட்டால் சக்கரத்தின் கம்பிகள் என்பேன். இரண்டு மில்லிமீட்டர் கனக் கம்பியை நட்டமாக நிறுத்தி மேலே கையை வைத்து அமுக்கினால் வளைந்துவிடும். அப்படிப்பட்ட கம்பிகள் எப்படி ஒரு ஆளைச் சுமக்கின்றன? மாட்டுவண்டிச் சக்கரத்தில் ஆரக்கால் தடித்த மரம். அது தூண்போல் நின்று தாங்குகிறது. சைக்கிள் கம்பியோ எப்போதும் இழுபட்டே இருக்கிறது. நன்றாகக் கட்டிய சக்கரத்தில் ஒவ்வொரு கம்பியும் ஏறத்தாழ 100 கிலோவைத் தொங்கவிட்டால் எவ்வளவு விறைக்குமோ அவ்வளவு விறைப்பாக இருக்கும். இதை முன்னிறுக்கம் எனலாம்: வேலை வருமுன்பே ஏற்றி வைத்த இழுவிசை. 36 கம்பி உள்ள சக்கரத்தில் கூட்டினால் 3,600 கிலோ. சுவரில் சாத்தி வைத்திருக்கும் சைக்கிள் சக்கரத்துக்குள் மூன்றரை டன் இழுவிசை ஒன்றையொன்று சமன்செய்துகொண்டு சத்தமில்லாமல் இருக்கிறது.

நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் நடப்பது இன்னும் விசித்திரம். அச்சு மேல்கம்பிகளில் தொங்குகிறது என்று நமக்குத் தோன்றும். அளந்து பார்த்தால் மேல்கம்பிகளின் இழுவிசை அநேகமாக மாறுவதே இல்லை. தரைக்கு நேர்மேலே இருக்கும் மூன்று நான்கு கம்பிகளின் இழுவிசை மட்டும் குறைகிறது. அந்தக் குறைவுதான் உங்கள் எடை. ஜாப்ஸ்ட் பிராண்ட் என்ற பொறியாளர் 1981இல் வெளியான தன் சைக்கிள் சக்கர நூலில் இதைக் கணக்கோடு விளக்கியிருக்கிறார். படித்தபின் சக்கரத்தைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

இதிலிருந்து ஒரு தலைகீழ் உண்மை கிடைக்கிறது. இறுக்கமான கம்பி அறுந்துவிடும், லூசாக விட்டால் தாங்கும் என்றுதான் நினைப்போம். நடப்பது நேர்மாறு. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கம்பியும் தரைப்பக்கம் வரும்போது ஒருமுறை தளர்ந்து, மறுபடி இறுகும். ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர் என்று வைத்தால், மூணாற்றிலிருந்து மறையூர் வரும் 40 கிலோமீட்டரில் ஒரு கம்பி 18,000 தடவைக்கு மேல் இப்படித் தளர்ந்து இறுகுகிறது. போதிய இறுக்கம் இருந்தால் அது சின்ன அசைவு. லூசாக இருந்தால் கம்பி முழுக்கத் தொய்ந்து, படக்கென்று இழுபடும்; ஹப்பில் மாட்டியிருக்கும் வளைவில் மயிரிழை விரிசல் விழும். உலோகச் சோர்வு என்பது இது: உடைக்கும் அளவு விசை ஒருமுறைகூட வராமலே, சின்ன விசை பல்லாயிரம் முறை வந்து உடைப்பது.

கோட்டம் எடுக்கும் மெக்கானிக்கின் கையைப் பக்கத்திலிருந்து பாருங்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஒரு சாக்பீஸை ரிம் அருகே அசையாமல் பிடிக்கிறார். எங்கே ரிம் வெளியே பிதுங்குகிறதோ அங்கே மட்டும் வெள்ளைக் கோடு விழும். அந்த இடத்தில் எதிர்ப்பக்கக் கம்பியின் நிப்பிளைக் கால் சுற்று இறுக்குவார். இந்தப் பக்கத்தை அதே அளவு தளர்த்துவார். பிறகு விரலால் கம்பிகளைத் தட்டிக்கொண்டே வருவார். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஒரே சுருதியில் ஒலித்தால் இறுக்கம் சமம். மந்தமாக ஒலிப்பது லூசு. மூன்றரை டன் இழுவிசையைச் சமன்செய்ய அவர் பயன்படுத்தும் கருவிகள் ஒரு சாவி, ஒரு சாக்பீஸ், ஒரு காது. கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருகாமல் இருந்தால் வீட்டிலும் இதைக் கற்றுக்கொள்ளலாம்.

செயினுக்கு வருவோம். ஹான்ஸ் ரெனால்ட் 1880இல் மான்செஸ்டரில் வடிவமைத்த உருளைச் செயின்தான் இன்றும் அநேகமாக அதே உருவில் ஓடுகிறது. ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். 1999இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசர் குழுவினர் அளந்தபோது, நல்ல நிலையில் ஒரு செயின் வாங்கிய ஆற்றலில் 98.6 சதவீதம் வரை சக்கரத்துக்குக் கொடுத்தது. காலால் மிதித்துச் சக்கரத்தைச் சுற்றுவதற்கு இவ்வளவு சிக்கனமான வழி இருப்பதே பெரிய விஷயம்.

செயின் நீண்டுவிட்டது என்கிறோம். இரும்பு நீளுவதில்லை. ஒவ்வொரு மூட்டிலும் பின்னும் அது நுழையும் துளையும் உரசித் தேய்கின்றன. மூட்டுக்கு மூட்டு சேரும் சின்ன இடைவெளிதான் நீளமாகத் தெரிகிறது. செயினை மாற்ற வேண்டிய எல்லை அரை சதவீதம். ஒரு மூட்டுக்கு 0.06 மில்லிமீட்டர்; ஒரு தலைமுடியின் கனம் அவ்வளவுதான் இருக்கும். அதற்குமேல் போனால் செயின் பற்களின் நடுவே உட்காராமல் மேலேறி, அவற்றையும் தேய்க்கும். பிறகு ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போது தாவும். இதைக் கண்டுபிடிக்க 30 சென்டிமீட்டரைவிட நீளமான ஒரு ஸ்கேல் போதும். ஒரு பின்னின் நடுவிலிருந்து 24 அரை அங்குலம் எண்ணினால் 12 அங்குலம் வர வேண்டும், அதாவது 304.8 மில்லிமீட்டர். 306 மில்லிமீட்டரைத் தாண்டினால் செயினை மாற்றுங்கள். 308ஐ எட்டிவிட்டால் பின்பல்லும் போயிருக்கும். எண்ணெய் வேண்டியது மூட்டின் உள்ளேதான். வெளியே வழியும் எண்ணெய் புழுதியை இழுத்து உரசும் களிம்பாக்கும். விட்ட எண்ணெயைத் துணியால் துடைத்துவிடுங்கள்.

வீட்டு ரிப்பேரில் பலரையும் திணறடிக்கும் இடம் இடது பெடல். எவ்வளவு பலம் கொடுத்தாலும் கழலாது. காரணம், அதன் மரை தலைகீழ். வலது பெடல் எல்லாத் திருகையும்போல் வலஞ்சுழியாக இறுகும். இடது பெடல் இடஞ்சுழியாக இறுகும். ஏன் என்று அறிய ஒரு பென்சிலைக் கைப்பிடிக்குள் லூசாகப் பிடித்து, அதன் நுனியை வட்டமாகச் சுற்றுங்கள். நீங்கள் சுற்றும் திசைக்கு எதிராகப் பென்சில் தன்னைத்தானே உருட்டிக்கொள்ளும். மிதிக்கும்போது பெடல் அச்சுக்கும் இதே கதி. கிராங்கின் துளைக்குள் இம்மி இடைவெளியில் அது எதிர்த்திசையில் உருள்கிறது. இரண்டு பக்கமும் ஒரே மரை போட்டிருந்தால் இடது பெடல் போகப் போகக் கழன்று விழுந்திருக்கும். மரையைத் திருப்பிப் போட்டதால், மிதிக்க மிதிக்க அது தானே இறுகுகிறது. கழற்ற வேண்டுமானால் இரண்டு பெடலுக்கும் ஒரே விதி: ஸ்பேனரை மேல்நோக்கி மாட்டி, பின்சக்கரத்தின் பக்கமாகத் தள்ளுங்கள்.

வீட்டு ரிப்பேர் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு யாழ்ப்பாணத்தைவிடப் பெரிய சான்று இல்லை. 1990களின் முதல் பாதியில் போர்க்காலப் பொருளாதாரத் தடையால் அங்கே பெட்ரோலும் பேட்டரியும் கிடைக்கவில்லை, மின்சாரம் கிடையாது. மொரிஸ் மைனரும் ஒஸ்டின் கேம்பிரிட்ஜும் மண்ணெண்ணெயில் ஓடின. பெட்ரோல் கடுங்குளிரிலும் எரியக்கூடிய ஆவியை விடும். மண்ணெண்ணெய்க்கு 40 பாகை அளவு சூடு வேண்டும். அதனால் கார்பரேட்டரில் சில துளி பெட்ரோலை விட்டு எஞ்சினைக் கிளப்பி, அது சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். பழைய எஞ்சின்களின் அழுத்த விகிதம், அதாவது சிலிண்டருக்குள் காற்றை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்ற கணக்கு, குறைவு. அதனால்தான் அவை இதைப் பொறுத்துக்கொண்டன. செய்தி கேட்க, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு மின்சாரம் எடுத்தார்கள். 6 வோல்ட், 3 வாட் தரும் அந்தச் சிறிய டைனமோ நாலு பேட்டரி போடும் வானொலிக்குத் தாராளம். ஆனால் அது தருவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம். ஒரே திசையில் ஓடவைக்க நடுவில் டயோடு வேண்டும். எதை எதோடு சேர்க்கலாம், எதைச் சேர்த்தால் கருகும் என்று அங்கே சாதாரண வீடுகளில் தெரிந்திருந்தது. அது பட்டம் தந்த அறிவு அல்ல. கழற்றி மாட்டிய கை தந்தது.

மறையூரிலிருந்து கீழே இறங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புறப்படுமுன் பிரேக் கட்டையில் பள்ளக்கோடு தெரிகிறதா என்று பாருங்கள். கம்பிகளை விரலால் தட்டிக் கேளுங்கள். செயினில் ஸ்கேலை வையுங்கள். பஞ்சர் கிட்டில் சொல்யூஷன் காய்ந்துபோகாமல் இருக்கிறதா என்று அமுக்கிப் பாருங்கள். ஒருமுறை திறந்த சொல்யூஷன் சீக்கிரம் உலர்ந்துவிடும். ஒரு மாற்று டியூபும் கையில் இருக்கட்டும். சின்னார் சரணாலயம் யானை நடமாடும் காடு. அங்கே சாலையோரம் உட்கார்ந்து நாலு நிமிஷம் சொல்யூஷன் காயக் காத்திருக்க முடியாது. டியூபை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். ஓட்டையை வீட்டில் போய் ஒட்டிக்கொள்ளலாம்.